தாய்லாந்தின் பட் சீ யூ: பன்றி இறைச்சி நூடுல்ஸ் கெடும்போது எங்கே பார்ப்பது

தாய்லாந்து மொழியில் ‘பட்’ என்றால் சட்டியில் புரட்டி வதக்குவது. ‘சீ யூ’ என்றால் சோயா சாஸ். அந்தச் சொல்லும் அதனோடு இந்த உணவும், தென்சீனத்திலிருந்து பாங்காக்கில் குடியேறிய தியோச்சூ மக்களின் வழியாக வந்து சேர்ந்தவை. அகலமான அரிசி நூடுல்ஸ், மெல்லியதாக அரிந்த பன்றி இறைச்சி, ‘கனா’ என்னும் தடித்த தண்டுடைய சீனக் கீரை, முட்டை, பூண்டு, இரண்டு மூன்று சாஸ்கள் ஆகியவற்றைத் தவிர இதில் வேறொன்றும் கிடையாது. பொருள்கள் இவ்வளவு குறைவாக இருப்பதாலேயே இதில் ஒரு குறை நேர்ந்தால் அதை மறைக்க மசாலாவோ குழம்போ இல்லை. பட் தாய் என்பது வேறு உணவு: அதில் நூடுல்ஸ் மெல்லியது, புளி சேரும், செய்முறையும் வேறு. அதன் குறைகளுக்கான திருத்தங்களை இதற்குப் பொருத்திப் பார்த்துக் குழம்பியவர்கள் பலர் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நன்றாக வந்த பட் சீ யூ எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டது எது என்று சொல்ல முடியும். நூடுல்ஸ் இழைகள் தனித்தனியாக, வளைந்து, பளபளப்பாக இருக்க வேண்டும். நிறம் ஒரே சீராக இல்லாமல், சில இடங்களில் இளம்பழுப்பாகவும், சட்டியைத் தொட்டுக் கிடந்த ஓரங்களில் கரும்பழுப்பாகவும் இருக்கும். தட்டின் அடியில் சாறு தேங்கியிருக்கக் கூடாது. கீரைத் தண்டு கடிக்கும்போது சற்றே நறுக்கென்று இருக்க வேண்டும். முட்டை துண்டுகளாகத் தெரிய வேண்டும். இறைச்சி பல்லுக்கு இலகுவாக இருக்க வேண்டும்.

கீழே சொல்லும் திருத்தங்கள் எல்லாம் ஒருவருக்கான ஓர் அளவை வைத்துக்கொண்டு சொல்பவை. பதமான அகல நூடுல்ஸ் 200 கிராம், பன்றி இறைச்சி 100 கிராம், கீரை 80 முதல் 100 கிராம், முட்டை ஒன்று, பூண்டு மூன்று பல், எண்ணெயோ பன்றிக் கொழுப்போ இரண்டு மேசைக்கரண்டி. சாஸ் கலவைக்கு வெளிர் சோயா சாஸ் இரண்டு தேக்கரண்டி, சிப்பி சாஸ் இரண்டு தேக்கரண்டி, இனிப்புள்ள கறுப்புச் சோயா சாஸ் இரண்டு தேக்கரண்டி, மீன் சாஸ் அரைத் தேக்கரண்டி, சர்க்கரை ஒன்றரைத் தேக்கரண்டி, வெள்ளை மிளகுத் தூள் ஒரு சிட்டிகை. செய்யும் வரிசை இது: இறைச்சியையும் பூண்டையும் வதக்கி எடுத்து வைப்பது, முட்டையை உடைத்து ஊற்றுவது, நூடுல்ஸையும் சாஸையும் போட்டுப் பரப்பிச் சுடவிடுவது, இறுதியில் கீரையையும் இறைச்சியையும் சேர்ப்பது. நூடுல்ஸ் சட்டியில் இருக்கும் நேரம் மூன்று நான்கு நிமிடங்களைத் தாண்டாது.

எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் நீரைச் சந்தேகியுங்கள், அடுத்து அளவை, அதற்கடுத்துச் சூட்டை, சாஸைக் கடைசியாக. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து, சுவை சரியில்லை என்றவுடன் சாஸ் பாட்டிலை மாற்றுகிறார்கள்.

குறை: நூடுல்ஸ் வறுபடாமல் வேகிறது, தட்டில் சாறு தேங்குகிறது, சட்டியின் மணம் வரவில்லை

வீட்டில் செய்பவர்களிடமிருந்து அதிகம் வரும் முறையீடு இதுதான். ‘உணவகத்து அடுப்பு என்னிடம் இல்லை’ என்ற பதிலோடு பலரும் ஓய்ந்துவிடுகிறார்கள். அந்தப் பதில் பாதி உண்மை. பாங்காக்கின் தெருவோரச் சமையல்காரர் பயன்படுத்தும் அடுப்பு வீட்டு அடுப்பைப்போலப் பல மடங்கு வெப்பம் தரக்கூடியது. ஆனால் அவரும் ஒருமுறைக்கு ஒரு தட்டு, அல்லது இரண்டு தட்டு என்றுதான் போடுகிறார். நாம் வலுக் குறைந்த அடுப்பை வைத்துக்கொண்டு நான்கு தட்டுக்கான நூடுல்ஸை ஒரே வாணலியில் கொட்டுகிறோம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொதிநிலையிலுள்ள ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பம் தேவை. சரியாக வடியாத நூடுல்ஸிலும் கழுவிய கீரையிலும் சேர்ந்து 50 மில்லிலிட்டர் நீர் ஒளிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அதை ஆவியாக்க மட்டும் 1,13,000 ஜூல் செலவாகும். வீட்டு அடுப்பிலிருந்து வாணலிக்குள் உண்மையில் இறங்கும் வெப்பம் ஒரு கிலோவாட் என்று கொண்டால், அந்த நீர் தீர ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் ஆகும். ஈரம் தீராதவரை நூடுல்ஸின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ஆனால் பழுப்பு நிறமும் வறுத்த மணமும் விரைந்து உருவாக ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். மொத்தமே நான்கு நிமிடம் நடக்கவேண்டிய சமையலில் இரண்டு நிமிடம் நீருக்கே போய்விட்டால் மீதி நேரத்தில் நூடுல்ஸ் குழையுமே தவிர வறுபடாது. நான் முதன்முறை ஐந்து பேருக்குச் சேர்த்துச் செய்தபோது வாணலியில் கிடந்தது கேழ்வரகுக் களிக்கு அரிசியில் பிறந்த தம்பியைப் போல இருந்தது. அன்று நானும் அடுப்பைத்தான் குறை சொன்னேன்.

ஆகவே திருத்தம் அடுப்பிலிருந்து தொடங்குவதில்லை. கீரையைச் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கழுவி உதறி, துணியில் பரப்பி வைக்க வேண்டும். ஊறவைத்த நூடுல்ஸை வடிகட்டியில் கொட்டியதோடு விடாமல், அகலமான தட்டில் பரப்பிப் பதினைந்து நிமிடம் ஆறவிட வேண்டும். கையில் எடுத்தால் ஈரம் ஒட்டாமல் சற்றே பிசுக்காக இருப்பது பதம். உறைபெட்டியிலிருந்து எடுத்த இறைச்சியாக இருந்தால், முழுவதும் உருகியபின் கசிந்த நீரைக் கொட்டி, துணியால் ஒற்றி எடுத்தபிறகே சாஸும் மாவும் பிசற வேண்டும். சாஸ்களை முன்கூட்டியே ஒரு கிண்ணத்தில் கலந்து வைப்பது நல்லதுதான். ஆனால் சர்க்கரை கரையட்டும் என்று அதில் நீர் ஊற்றக் கூடாது. ஒருவருக்கான அளவை மட்டும் ஒருமுறை போட்டு, நான்கு பேருக்கு நான்கு முறை செய்வதுதான் உண்மையில் விரைவான வழி. ஒவ்வொரு முறைக்கும் ஐந்து நிமிடம்தான் ஆகும். முன்தயாரிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றே.

பாத்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உருண்டை அடியுடைய மெல்லிய சட்டி பெருந்தீக்கு ஏற்றது. சிறு தீயில் அதன் அடிப்பகுதி மட்டும் சூடாகிப் பக்கங்கள் குளிர்ந்தே கிடக்கும். இண்டக்ஷன் அடுப்பில் இது இன்னும் மோசம். கனமான தட்டையடி இரும்பு வாணலியை நான்கைந்து நிமிடம் வெறுமையாகச் சூடேற்றிப் பயன்படுத்தினால், இரும்பு தேக்கிவைத்த வெப்பம் அடுப்பின் குறையை ஓரளவு ஈடுசெய்யும். இந்த வேலைக்கு விளிம்பு உயர்ந்த பெரிய தோசைக்கல் நான் வாங்கிய விலையுயர்ந்த சட்டியைவிட நன்றாகவே உழைக்கிறது. ஒட்டாப் பூச்சுப் பாத்திரத்தை மட்டும் இப்படி வெறுமையாகச் சூடேற்றக் கூடாது. 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கித் தீங்கான புகையை வெளிவிடும்.

நடுவில் நீர் தேங்கத் தொடங்கிவிட்டது என்றால், கிளறுவதை உடனே நிறுத்துங்கள். பாதியை ஒரு தட்டில் எடுத்துவிட்டு, மீதியை மெல்லிய அடுக்காகப் பரப்பி, தீயை முழுதாக வைத்து, முப்பது நொடியிலிருந்து நாற்பது நொடிவரை தொடாமல் விடுங்கள். மூடி போடவே கூடாது. அடியில் சலசலப்புச் சத்தம் மாறிப் பொரியும் சத்தம் கேட்டபிறகு ஒருமுறை புரட்டி, மறுபடி அப்படியே விடுங்கள். விடாமல் கிளறுவது வீட்டு அடுப்பில் நமக்கு எதிராகவே வேலை செய்யும்: நூடுல்ஸ் இரும்பைத் தொட்டுச் சூடேறுவதற்குள் அதைத் தூக்கிக் குளிரவைக்கிறோம்.

குறை: நூடுல்ஸ் கட்டியாக ஒட்டிக்கொள்கிறது, அல்லது துண்டு துண்டாக உடைகிறது

இவை இரண்டும் எதிரெதிரான குறைகளாகத் தோன்றினாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறப்பவை. தாய்லாந்தில் இந்த அகல நூடுல்ஸை ‘சென் யாய்’, அதாவது பெரிய இழை என்பார்கள். நீரில் ஊறிய அரிசியை அரைத்த மாவைத் தகடாக ஆவியில் வேகவைத்து, எண்ணெய் தடவி, மடித்து, அரிந்து விற்பது வழக்கம். அன்று செய்த நூடுல்ஸ் அன்றே மென்மையாகப் பிரியும். குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால், வெந்தபோது நெகிழ்ந்த மாவுச்சத்து மறுபடி இறுகிப் படிகமாகிவிடுகிறது. பழைய சோற்றுப் பருக்கை விறைப்பதும் இதனால்தான். பெட்டியின் 4 டிகிரிக் குளிர் இந்த இறுக்கத்துக்கு மிக வசதியான வெப்பநிலை. விறைத்த கட்டியைக் கையால் பிரித்தால் உடையும். பிரிக்காமல் அப்படியே சட்டியில் போட்டால் கட்டியாகவே வறுபட்டு, உள்ளே குளிர்ந்தும் வெளியே கருகியும் போகும்.

இறுகியது சூட்டில் மறுபடி நெகிழும் என்பதால் திருத்தம் எளிது. குளிர்ந்த கட்டியை இட்லிப் பானைத் தட்டில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் ஆவி காட்டுங்கள். அல்லது மூடிய கிண்ணத்தில் மைக்ரோவேவில் நாற்பது நொடி வைத்து, திருப்பி, தேவையானால் இன்னும் இருபது நொடி வையுங்கள். நூடுல்ஸ் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கையில் சிறிது எண்ணெய் தடவிக்கொண்டு இழை இழையாகப் பிரிக்க வேண்டும். கொதிநீரை ஊற்றிப் பிரிப்பதும் உண்டு. ஆனால் அப்போது முதற்குறையான நீரை நாமே உள்ளே அழைத்துவருகிறோம். பிரித்த நூடுல்ஸை மறுபடி பெட்டியில் வைக்காமல் உடனே சமைத்துவிட வேண்டும்.

உலர்ந்த அகல நூடுல்ஸ்தான் கிடைக்கிறது என்றால் அங்கே குறை வேறு உருவத்தில் வருகிறது. பொட்டலத்தைப் பிரித்தவுடன் கொதிநீரில் போட்டு முழுவதும் வேகவைத்தால், வெளிப்புறம் கரைந்து பசையாகும்; உள்ளே தடித்த இடம் வேகாமல் நிற்கும்; சட்டியில் போட்டவுடன் இரண்டும் சேர்ந்து கூழாகும். அதற்குப் பதிலாக, சாதாரண நீரில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஊறவைத்து, விரலில் சுற்றினால் முறியாமல் வளையும் பதம் வந்தபின், கொதிக்கும் நீரில் போட்டு அருகிலேயே நின்று, இருபது நொடிக்கு ஒருமுறை ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய கோடுபோல உறுதி மீந்திருக்கும்போதே வடித்து, குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் புரட்டித் தட்டில் பரப்புங்கள். மீந்த வேக்காடு வாணலியில் முடியும். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் அப்படியே உண்பதற்கானது. அதை வதக்கலுக்கு நம்பக் கூடாது.

இவற்றையெல்லாம் விட்டு வீட்டிலேயே தகடு ஊற்றிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சந்திக்கும் குறை, தகடு மடிக்கும் இடத்தில் பிளப்பது. காரணம் பெரும்பாலும் மாவுதான். இடியாப்ப மாவு உலர அரைத்து வறுக்கப்பட்டது. அதில் தகடு ஊற்றினால் மணல்மணலாகவும் நெகிழ்வின்றியும் வரும். தாய்லாந்தில் இதற்குப் பயன்படும் அரிசி மாவு, ஊறவைத்து நீரோடு அரைத்து எடுத்தது, மிக நுண்ணியது. நம்மிடம் மாவாட்டும் இயந்திரம் இருக்கும்போது அதைத் தேடி அலையத் தேவையில்லை: பச்சரிசியை நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, விரலில் நெருடாதபடி அரைத்து, அதோடு மரவள்ளி மாவு கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் போதும். அரிசியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மரவள்ளி மாவு நல்ல தொடக்கம். அரிசி மாவு மட்டும் இருந்தால் உறுதி கிடைக்கும், இழுவை கிடைக்காது. மரவள்ளி மாவு மிகுந்தால் தகடு கண்ணாடிபோல ஆகி, சட்டியில் பிசினாக ஒட்டும்.

ஒன்று மட்டும் இவை எதிலும் சேராதது: நூடுல்ஸ் நன்றாக இருந்தும் கரண்டியால் உடைவது. சாதாரணக் கரண்டியால் குத்திக் கிளறாமல், தோசைத் திருப்பி போன்ற தட்டைக் கருவியை அடியில் நுழைத்துத் தூக்கிப் புரட்ட வேண்டும்.

குறை: எல்லாம் சட்டியின் அடியில் பிடித்துக்கொள்கிறது

இரும்புச் சட்டி பழகாததாக இருந்தால் முதலில் அதைப் பழக்க வேண்டும். தோசைக்கல்லுக்குச் செய்வதேதான் இதற்கும். பழகிய சட்டியிலும் ஒட்டுகிறது என்றால் சட்டி போதிய அளவு சூடாகும் முன்பே எண்ணெயோ நூடுல்ஸோ விழுந்திருக்கும். வெறும் சட்டியிலிருந்து மெல்லிய புகை எழுந்தபின் எண்ணெய் ஊற்றி, சட்டியைச் சுழற்றிப் பக்கங்களிலும் படரவிட்டு, உடனே பொருளைப் போட வேண்டும். முட்டையை ஊற்றியபின் அது அடியில் பிடித்து, அதன்மேல் விழும் நூடுல்ஸும் பிடிக்கிறது என்றால், முட்டை பாதி உறைந்தவுடன் ஓரமாக ஒதுக்கி, காலியான இடத்தில் இன்னொரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, அதன்மேல் நூடுல்ஸைப் போடுங்கள். சர்க்கரையும் கறுப்புச் சாஸும் நேரே சூடான இரும்பில் விழுந்தால் நொடியில் கருகிப் பசையாகும். அதனால் சாஸை எப்போதும் நூடுல்ஸின் மேல்தான் ஊற்ற வேண்டும். வெளிர் சோயா சாஸை மட்டும் சட்டியின் ஓரத்தில் சுற்றி ஊற்றி மணமெழுப்புவது நல்ல பழக்கம். அதைக் கறுப்புச் சாஸுக்கும் நீட்டினால் கசப்புதான் மிஞ்சும்.

குறை: இறைச்சி ரப்பர்போல இருக்கிறது

இங்கே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்தப் பகுதி, எப்படி அரிந்தது, எவ்வளவு நேரம் வெந்தது. முதுகுத் தசை மலிவாகக் கிடைக்கும். கொழுப்புக் குறைவு என்பதால் அரை நிமிடம் கூடினாலும் உலர்ந்துவிடும். அதன் உட்புறமுள்ள மென்தசை பதமாக இருக்கும், சுவை சற்று மெலிவு. கழுத்தை ஒட்டிய தோள் பகுதியில் கொழுப்பு இழையோடுவதால் அதுவே எனக்கு உகந்தது. வெந்த நேரம் சற்றுத் தவறினாலும் அது மன்னிக்கும். தொடை இறைச்சியைக் கறிக்கு வெட்டும் அளவில் துண்டாக்கி இதில் போட்டால் எந்தத் திருத்தமும் உதவாது.

அரிவதற்கு முன் இறைச்சியை உறைபெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் கத்திக்கு நிற்கும் அளவு இறுகும். அப்போது தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்காக, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அரியுங்கள். நாரின் நீளவாக்கில் அரிந்தால் ஒவ்வொரு துண்டிலும் முழு நீள நார் இருக்கும். பல்லில் சிக்கும் அந்த ரப்பர்த்தன்மையில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. பிறகு 100 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி வெளிர் சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி மரவள்ளி மாவோ சோள மாவோ, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறி இருபது நிமிடம் வைக்க வேண்டும். மாவு ஈரத்தைப் பிடித்துவைக்கும். எண்ணெய் துண்டுகளைப் பிரித்துவைக்கும்.

முதுகுத் தசைதான் இருக்கிறது என்றால் சமையல் சோடாவின் உதவியை நாடலாம். காரத்தன்மை கூடும்போது புரதங்கள் வெப்பத்தில் இறுக ஒன்றையொன்று பற்றுவது குறைகிறது. 200 கிராமுக்குக் கால் தேக்கரண்டி போதும். பதினைந்து நிமிடத்தில் அலசி, நன்றாக ஒற்றியெடுக்க வேண்டும். ‘இறைச்சி வழவழவென்று, சோப்பு வாடையோடு இருக்கிறது’ என்ற குறை இதை அளவு மீறிச் சேர்த்தவர்களிடமிருந்தோ அலசாமல் விட்டவர்களிடமிருந்தோ வருவது. சாப்பிட முடியாத அளவுக்கு அது போயிருந்தால் மீட்பு இல்லை.

வேகும் நேரத்தைப் பொறுத்தவரை, சட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஒரு பக்கம் நிறம் மாறும்வரை தொடாமல் விட்டு, திருப்பிப் போட்டு, உள்ளே இளஞ்சிவப்பு மறைந்தவுடன் எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். பலர் இறைச்சியைச் சட்டியிலேயே விட்டு, அதன்மேல் முட்டை, நூடுல்ஸ், கீரை என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இரண்டு நிமிடத்தில் வெந்த இறைச்சி ஏழு நிமிடம் வெந்தால் ரப்பராகாமல் என்ன செய்யும்? பன்றி இறைச்சி என்பதால் அஞ்சி நெடுநேரம் வேகவைப்பவர்களுக்கு ஒன்று: முழுத் தசையாக உள்ள பன்றி இறைச்சிக்கு 63 டிகிரி எட்டி மூன்று நிமிடம் ஓய்ந்தால் போதும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் வரையறை. மெல்லிய துண்டுகள் சூடான இரும்பில் அதை வெகு விரைவாகத் தாண்டிவிடும். கொத்திய இறைச்சிக்கு மட்டும் 71 டிகிரி வேண்டும். பச்சை இறைச்சி இருந்த கிண்ணத்தையும் கரண்டியையும் வெந்ததற்குப் பயன்படுத்தாமல் இருந்தால் கவலை மீதமில்லை.

பூசிய மாவு உரிந்து சட்டியில் பிசினாகக் கிடந்தால் மாவு அதிகம், அல்லது சட்டி சூடு குறைவு. அந்தப் பிசினை வழித்தெடுத்துவிட்டு நூடுல்ஸைப் போடுங்கள். அதன்மேலேயே போட்டால் முன்சொன்ன ஒட்டல் தொடங்கும்.

குறை: நிறம் வெளிறிக் கிடக்கிறது, ஆனால் உப்பு கரிக்கிறது

இந்தக் குறைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: நிறத்துக்காக வெளிர் சோயா சாஸைக் கூடுதலாக ஊற்றியது. தாய்லாந்துச் சமையலில் இரண்டு சாஸ்களுக்கும் வெவ்வேறு வேலை. வெளிர்ச் சாஸ், அவர்கள் ‘சீ யூ காவ்’ என்பது, உப்பும் மணமும் தருவது. ‘சீ யூ தம்’ என்னும் கறுப்புச் சாஸ் நிறத்துக்காகவே சேர்வது; அதில் கரும்புச் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதால் தேன்போலக் கெட்டியாக ஒழுகும், இனிப்பும் இருக்கும். சீனக் கடைகளில் கிடைக்கும் கறுப்புச் சோயா சாஸ் தோற்றத்தில் அதைப் போலிருந்தாலும், நீர்த்தது, உப்புக் கூடியது. அதையே தாய்லாந்துக் குறிப்பில் சொன்ன அளவுக்கு ஊற்றினால் கரிக்கும்.

தாய்லாந்துச் சாஸ் கிடைக்காவிட்டால் சீனக் கறுப்புச் சாஸ் ஒரு தேக்கரண்டியோடு கரும்புச் சர்க்கரைப் பாகு, அல்லது கருப்பட்டியைக் கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சிய பாகு ஒரு தேக்கரண்டி கலந்து, வெளிர்ச் சாஸை அரைத் தேக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் இனிப்புச் சோயா சாஸான கெச்சாப் மானிஸ் வைத்திருப்பவர்கள் அதையே போடலாம். அது மிக இனிப்பு என்பதால் குறிப்பிலுள்ள சர்க்கரை முழுவதையும் நீக்கிவிட வேண்டும்.

நிறம் திட்டுத் திட்டாக, ஓரிடத்தில் கறுப்பாகவும் ஓரிடத்தில் வெள்ளையாகவும் விழுகிறது என்றால், கறுப்புச் சாஸைச் சட்டியில் ஊற்றாமல், பிரித்து வைத்த நூடுல்ஸில் முன்னதாகவே ஊற்றிக் கையால் மெல்லப் புரட்டி வையுங்கள். கெட்டியான சாஸ் சட்டியில் பரவ நேரம் எடுக்கும். அதற்குள் நாம் பத்து முறை கிளறி நூடுல்ஸை உடைத்துவிடுகிறோம்.

கரித்தது கரித்துவிட்டது, இனி என்ன செய்வது? நீர் ஊற்றாதீர்கள். கைவசம் வதக்காத நூடுல்ஸ் இருந்தால் ஒரு பிடி சேர்ப்பதும், இன்னொரு முட்டையை ஓரமாகப் பொரித்துக் கலப்பதும்தான் வழி. தாய்லாந்து நூடுல்ஸ் கடைகளின் மேசைமீது எப்போதும் நான்கு கிண்ணங்கள் இருக்கும்: சர்க்கரை, மிளகாய்த் தூள், மீன் சாஸ், வினிகரில் ஊறிய மிளகாய். சமையல்காரர் சுவையை முடிக்காமல் சற்று முன்னே நிறுத்துகிறார். மீதியை உண்பவர் முடிக்கிறார். அதைப் புரிந்துகொண்டால் சட்டியில் சாஸைக் குறைத்தே ஊற்றத் துணிவு வரும். அந்த வினிகர் மிளகாயின் பெயர் ‘பிரிக் நம் சோம்’. மிளகாயை வட்டமாக அரிந்து, மூழ்கும் அளவு வெள்ளை வினிகரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து அரை மணி நேரம் வைத்தால் ஆயிற்று. ‘ஏதோ குறைகிறது, ஆனால் என்னவென்று தெரியவில்லை’ என்று தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், எண்ணெய் திகட்டுகிறது என்பவர்களுக்கும் பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் இந்த ஒரு தேக்கரண்டிப் புளிப்பே மருந்து. இதைச் சட்டியில் ஊற்றக் கூடாது, தட்டில்தான்.

நிறம் சரி, ஆனால் கசக்கிறது என்றால் பூண்டையோ சாஸையோ கருக்கியிருக்கிறீர்கள். பூண்டைத் தனியே எண்ணெயில் முதலில் போடாமல் இறைச்சி பாதி வெந்தபின் அதன்மேல் போட்டால் கருகாது.

சிறு குறைகள் சில

கீரைத் தண்டு பச்சையாகவும் இலை துவண்டும் இருந்தால், இரண்டையும் ஒன்றாகப் போட்டிருக்கிறீர்கள். தண்டைச் சாய்வாக மெல்லியதாக அரிந்து அரை நிமிடம் முன்னதாகவும், இலையை அடுப்பை அணைக்கும் தறுவாயிலும் போட வேண்டும். கனா கிடைக்காவிட்டால் புரோக்கோலியின் தோல் சீவிய தண்டும் அதன் இலையும் நெருங்கிய உறவு, முட்டைக்கோசும் பழுதில்லை. பாலக்கீரையும் தண்டுக்கீரையும் வேண்டாம், அவை விடும் நீரைப் பற்றி இனியும் சொல்லத் தேவையில்லை.

முட்டை கண்ணில் படாமல் நூடுல்ஸின்மேல் பசைபோலப் பூசிக்கொண்டால், அது உறையும் முன்பே நூடுல்ஸ் விழுந்திருக்கிறது. உடைத்து ஊற்றி, மஞ்சளை லேசாகக் கலைத்துவிட்டு, பாதிக்கு மேல் உறையும்வரை பொறுங்கள்.

குறை: மறுநாள் கல்லாகிவிடுகிறது

நூடுல்ஸைப் பற்றிச் சொன்ன அதே மாவுச்சத்து இறுக்கம்தான் இங்கேயும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பிக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். வெந்த அரிசிப் பண்டங்கள் வெளியே கிடந்தால், வேக்காட்டையும் தாங்கி நிற்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் நீங்காது. மறுநாள் நேரே வாணலியில் போட்டால் உடையும். மூடிய பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி நீர் தெளித்து ஆவியில் நெகிழவைத்தபின், வேண்டுமானால் சூடான தோசைக்கல்லில் ஒரு நிமிடம் வாட்டலாம். இந்த ஓரிடத்தில்தான் நீர் நமக்குத் துணை.

எல்லாத் திருத்தங்களையும் தாண்டி நூடுல்ஸ் நொறுங்கித்தான் போயிற்று என்றால், அதைப் பட் சீ யூ என்று பரிமாறாமல் ‘ராட் நா’வாக மாற்றிவிடலாம். அதுவும் இதே நூடுல்ஸ், இதே இறைச்சி, இதே கீரையில் தாய்லாந்தினர் செய்வதுதான்; பெயருக்கே ‘மேலே ஊற்றியது’ என்று பொருள். பூண்டை வதக்கி, புளித்த சோயா பயற்று விழுது ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, இரண்டு குவளை எலும்புச் சாறோ நீரோ ஊற்றி, கொதித்தவுடன் கொஞ்சம் சிப்பி சாஸும் சர்க்கரையும் கலந்து, மரவள்ளி மாவு இரண்டு மேசைக்கரண்டியைக் குளிர்ந்த நீரில் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றிக் கெட்டியாக்குங்கள். உடைந்த நூடுல்ஸை ஆழமான தட்டில் போட்டு, அந்தக் குழம்பைச் சூடாக மேலே ஊற்றி, வினிகர் மிளகாயோடு வைத்தால், கேட்பவர்களிடம் முதலிலிருந்தே ராட் நாதான் செய்ய நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் இருமுறை சொல்லியிருக்கிறேன்.